ஒரு பயறு, ஒரு வண்டு
(வானொலிப் பண்ணைச் செய்தியில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



தை மாசம் பிறந்து, சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போது, தஞ்சைப் பக்கத்தில் நெல் தரிசுக்குப் பயறு தெளிக்க விதைப் பானையை இறக்குவார்கள். போன சித்திரையில் அடித்து, தூற்றி, தேறின மணியாகப் பார்த்துப் பொறுக்கி வைத்த பயறு அது. மூடியைத் திறந்து கையை விட்டால் விறுவிறுவென்று பழுப்பு வண்டு கையில் ஏறுகிறது. அடியிலே மாவு. ஒரு பிடி அள்ளிப் பார்த்தால், ஆணி அடித்துப் பிடுங்கினது போல ஒவ்வொரு மணியிலும் வட்டமாக ஒரு ஓட்டை. "போச்சு, எல்லாம் உளுத்துப் போச்சு" என்று அந்த அம்மா பானையைத் திண்ணையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். ஏக்கருக்கு 10, 12 கிலோ விதை வேண்டும். ஊரே விதை தேடுகிற அந்த வாரத்தில் வெளியே போய் வாங்கினால் என்ன விலை சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஈரம் காய்வதற்குள் தெளித்தாக வேண்டும். அது நமக்காகக் காத்திருக்காது.

அந்தப் பயறில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். தோலின் மேலே வெள்ளை வெள்ளையாகப் பொட்டு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் வண்டு வைத்த முட்டை. ஒரே மணியில் இரண்டு, மூன்று, சில சமயம் ஐந்து பொட்டுகூட இருக்கும். ஆனால் ஓட்டையோ ஒன்றுதான். அப்படியானால் மற்ற முட்டையில் பொரித்த புழுவெல்லாம் எங்கே போயிற்று?

சின்னக் கேள்விதான். ஆனால் இதற்குப் பதில் கிடைக்க உலகத்தில் பல தேசத்து விஞ்ஞானிகள் பல வருஷம் பாடுபட்டிருக்கிறார்கள். அந்தக் கதையின் நடுவில் நம்ம திருநெல்வேலியும் வருகிறது. அதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். கடைசியில் விதைப் பானைக்கே திரும்பி வருவேன், பொறுமையாகக் கேளுங்கள்.

முதலில் இந்த வண்டின் பிழைப்பு எப்படி என்று பார்த்துவிடுவோம். பயறு வண்டு என்று நாம் பொதுவாகச் சொன்னாலும் அதில் சில வகை உண்டு. இங்கே நான் பேசுகிற வகைக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் கல்லோசோபுருக்கஸ் மாக்குலேட்டஸ். பாசிப்பயறு, உளுந்து, தட்டைப்பயறு எல்லாவற்றிலும் விழும். பெண் வண்டு 80 முட்டை, 100 முட்டை வரை வைக்கும். ஒவ்வொன்றையும் பயறின் தோலில் பசை போட்டு ஒட்டினது மாதிரி ஒட்டிவிடும். பொரிக்கிற புழு வெளியே வருவதே இல்லை. முட்டைக்கு நேர் கீழே தோலைத் துளைத்துக்கொண்டு பயறுக்குள் போய்விடும். துளைத்த தூளைப் பின்னால் முட்டை ஓட்டுக்குள் தள்ளிவிடும்; அதனால்தான் பொட்டு வெள்ளையாகத் தெரிகிறது. உள்ளேயே தின்று, உள்ளேயே கூட்டுப்புழுவாகி, நம்ம ஊர் வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாகி, தோலை வட்டமாக வெட்டித் தள்ளிவிட்டு வெளியே வரும்.

இதிலே ஒரு சங்கதியைக் கவனிக்க வேண்டும். வெளியே வந்த வண்டுக்குக் குதிரில் தீனி தேவையே இல்லை. ஒரு வாரம், இரண்டு வாரம் உயிரோடு இருக்கும். அதற்குள் இணை சேர்ந்து முட்டை வைத்துவிட்டுச் செத்துப் போகும். அது வைக்கப்போகிற அத்தனை முட்டைக்கும் வேண்டிய சத்து, புழுவாக இருக்கும்போது அந்த ஒரே பயறுக்குள் தின்றதுதான். புழு வயிறார உண்டிருந்தால் வண்டு பெரிசாக இருக்கும், முட்டை நிறைய வைக்கும். அரை வயிறு, கால் வயிறு என்றால் வண்டு சிறுத்து, முட்டையும் குறைந்துபோகும். புழுப் பருவத்தில் பந்தியில் இடம் கிடைக்கிறதா, எத்தனை பேரோடு பங்கு என்பதுதான் இந்தப் பூச்சிக்கு வாழ்வும் சாவும்.

இப்போது கதைக்கு வருவோம்.

கூட்டம் அதிகமானால் பூச்சியின் இனப்பெருக்கம் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்த முன்னோடிகளில் ஒருவர் அமெரிக்காவில், பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த ரேமண்ட் பேர்ல் என்பவர். சில்வியா பார்க்கர் என்ற அம்மையாருடன் சேர்ந்து 1922-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். பெரிய கருவி எதுவும் இல்லை. பால்காரர் வீட்டு வாசலில் வைத்துப் போகிற அரைப் பைண்டு பால் பாட்டில். அதற்குள் பழ ஈ. பாட்டிலில் ஈ கூடக்கூட, தலைக்கு இத்தனை வாரிசு என்கிற கணக்கு சரசரவென்று குறைந்தது. கூட்டமே கூட்டத்துக்கு எதிரி என்று எண்ணிக்கையில் காட்டினார்கள்.

அடுத்தது ஆஸ்திரேலியா. கான்பெராவில் அரசு ஆராய்ச்சி நிறுவனத்தில் பூச்சியியல் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் ஏ. ஜே. நிக்கல்சன். அந்த நாட்டுக்குச் செம்மறி ஆடுதான் செல்வம். ஆட்டு ரோமத்தில் ஓர் ஈ முட்டை வைத்து, புழு சதையைத் தின்று ஆட்டைக் கொன்றுவிடும். அந்த ஈயைக் கூண்டில் வளர்த்தார் நிக்கல்சன். தாய் ஈக்களுக்குத் தீனி தாராளம். ஆனால் புழுக்களுக்கு மட்டும் ஒரு நாளைக்கு அரைத்த ஈரல் 50 கிராம்தான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. என்ன ஆயிற்று தெரியுமா? ஈ ஆயிரக்கணக்கில் இருக்கும்போது ஈரல் முழுக்க முட்டை. அத்தனை புழுவும் ஒரே நேரத்தில் விழுந்து தின்றதில், எந்தப் புழுவும் கூட்டுப்புழுவாகிற அளவுக்கு வளரவில்லை. மொத்தமும் செத்தது. பிறகு கிழட்டு ஈக்களும் செத்து, மிச்சம் சொற்பம் ஆன பிறகுதான் முட்டை குறைந்து, புழுவுக்குத் தீனி போதுமானதாகி, மறுபடியும் கூட்டம் பெருகும். இப்படி ஏறுவதும் விழுவதுமாகவே அந்தக் கூண்டு ஓடிக்கொண்டிருந்தது.

1954-ல் இதையெல்லாம் எழுதின நிக்கல்சன், தீனிக்காக நடக்கிற போட்டியை இரண்டாகப் பிரித்தார். நம்ம பாஷையில் சொல்கிறேன். ஒன்று, அண்டாவைத் திறந்து வைத்துவிட்டால் எல்லாரும் கையை விட்டு அள்ளுவது. கூட்டம் கூடினால் ஒருவருக்கும் வயிறு நிறையாது. இதை அள்ளுப் போட்டி என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்று, பந்தியில் இலை பிடிப்பது. இலைக்கு முன்னால் உட்கார்ந்தவனுக்கு முழுச் சாப்பாடு. மற்றவனுக்கு ஒரு பருக்கைகூட இல்லை. இதை இலைப் போட்டி எனலாம். ஈரலில் நடந்தது அள்ளுப் போட்டி. இந்த இரண்டு பெயரையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே காலத்தில் ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் சுன்ரோ உச்சிதா என்பவர் பயறு வண்டையே எடுத்துக்கொண்டு பல வருஷம் உழைத்தார். அவர் கண்டுபிடித்ததில் நமக்கு வேண்டியது ஒன்று உண்டு. பயறுக்குள் புழு அளவுக்கு மீறிப் பெருகி, உள்ளே சூடும் ஈரமும் ஏறிவிட்டால், அதிலிருந்து வருகிற வண்டில் ஒரு பகுதி வேறு மாதிரியாக இருக்கிறது. குதிரில் சாதாரணமாக ஓடுகிற வண்டு அதிகம் பறக்காது. வந்த உடனே முட்டை வைக்கும். இந்த மாற்று வண்டு நன்றாகப் பறக்கும், உடம்பில் கொழுப்பு சேர்த்திருக்கும், அதிக நாள் உயிரோடு இருக்கும், முட்டையை மட்டும் உடனே வைக்காது, வைப்பதும் குறைவு. ஒரே தாய் வயிற்றில் பிறந்ததுதான். நெருக்கடியில் வளர்ந்ததால், ஊரை விட்டுக் கிளம்பத் தயாராகப் பிறக்கிறது. உளுத்துப்போன பானையிலிருந்து கிளம்பினது எங்கே போகும்? வயலுக்குத்தான். நெற்று முற்றுகிற சமயம் அதன் மேல் முட்டை வைக்கும். அதைத்தான் நாம் அடித்துத் தூற்றி வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். 'பானையில் எப்படி வண்டு நுழைந்தது, மூடித்தானே வைத்தேன்' என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். அது நுழையவில்லை. நாமே அளந்து கொட்டினது.

இனித் திருநெல்வேலிக் கதை. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராட்ஜர் மிட்செல் என்று ஒரு பேராசிரியர். பெண் வண்டு பாசிப்பயறில் முட்டை வைக்கிற விதத்தைப் பற்றி 1975-லேயே எழுதியவர். கண்ட இடத்தில் அது வைப்பதில்லை என்று காட்டினார். முட்டை இல்லாத மணியாகத் தேடித் தேடி, மணிக்கு ஒன்றாக வைத்துக்கொண்டே போகிறது. எல்லா மணியிலும் ஒவ்வொன்று ஆன பிறகுதான் இரண்டாவது முட்டைக்குத் திரும்புகிறது. நாற்று நடுகிற கைகூட இவ்வளவு சீராக இடம் விடாது போலிருக்கிறது.

1979-ல் திருநெல்வேலியில் பாசிப்பயறு, உளுந்து நெற்றுகளிலிருந்து எடுத்த வண்டுகள் அமெரிக்க ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே தலைமுறை தலைமுறையாகப் பாசிப்பயறிலேயே வளர்க்கப்பட்டன. 'தென்னிந்திய இனம்' என்று அதற்குப் பெயர். இன்றைக்கும் இந்த வண்டைப் பற்றிய எத்தனையோ ஆராய்ச்சிக் கட்டுரைகளில் 'திருநெல்வேலி' என்ற ஊர்ப் பெயரைப் பார்க்கலாம். அல்வாவுக்குப் பெயர் போன ஊருக்கு இப்படியும் ஒரு கீர்த்தி!

இந்த வண்டின் புழு பயறுக்குள் என்ன செய்கிறது? ஒரே பாசிப்பயறுக்குள் எத்தனை புழு போனாலும் வெளியே வருவது பெரும்பாலும் ஒன்றே ஒன்று. இது இலைப் போட்டி. புழு நேரே மணியின் நடுவுக்குப் போகப் பார்க்கிறது. முந்திப் போய் நடுவைப் பிடித்ததுதான் பிழைக்கும். 1987-ல் மிட்செலும் தந்தியாங்கா என்பவரும் சேர்ந்து ஒரு சுவையான விஷயத்தை எழுதினார்கள். மூத்த புழு கடித்துத் தின்னும்போது பயறுக்குள்ளே ஓர் அதிர்வு உண்டாகிறதாம். பின்னால் வந்த இளைய புழு அந்த அதிர்வை உணர்ந்து, மேற்கொண்டு உள்ளே போகாமல் நின்றுவிடுகிறதாம். நின்றால் பட்டினிதானே? கடைசியில் செத்துப் போகிறது. நம்முடைய சந்தேகத்துக்கு இதுதான் பதில். ஐந்து பொட்டு இருந்தும் ஓட்டை ஒன்றாக இருப்பதற்குக் காரணம், மற்ற நாலும் உள்ளேயே முடிந்துபோனதுதான்.

எல்லா ஊர் வண்டும் இப்படித்தான் என்று நினைக்க வேண்டாம். 1989-ல் மேற்கு ஆப்பிரிக்காவில், புர்க்கினா ஃபாசோ நாட்டின் வாகாடூகு நகரத்தில் தட்டைப்பயறிலிருந்து எடுத்த வண்டு அதே வகைதான். ஆனால் குணம் வேறு. ஒரு மணியில் பல புழு போனால் பலதும் வண்டாகி வருகின்றன. ஒன்றுக்கொன்று விலகி இருந்துகொண்டு, இருப்பதைப் பங்கு போட்டுத் தின்னும். அது அள்ளுப் போட்டி. அதன் தாய் வண்டும் முட்டையைப் பரப்பி வைப்பதில் அவ்வளவு கண்டிப்பாக இல்லை. இப்படிப் பங்கு போட்டுத் தின்றால் என்ன நஷ்டம் என்பதை இங்கிலாந்தில் கிரெட்லேண்டும் அவருடன் இருந்தவர்களும் 1986-ல் எடை போட்டுக் காட்டியிருக்கிறார்கள். ஒரு மணிக்குள் புழு கூடக்கூட, வருகிற பெண் வண்டு எடை குறைந்து, வைக்கிற முட்டையும் குறைகிறது.

ஒரே வகைப் பூச்சிக்கு இரண்டு ஊரில் இரண்டு குணம் வந்தது ஏன்? பயறைத் தராசில் வைத்துப் பார்த்தால் புரியும். நம்ம பாசிப்பயறு ஒரு மணி 30, 40 மில்லிகிராம். தட்டைப்பயறு ஒரு மணி 100-லிருந்து 250 மில்லிகிராம் வரை. சின்ன மணியில் இரண்டு பேர் பங்கு போட்டால் இரண்டு பேருக்கும் போதாது. பெரிய மணியில் நாலைந்து பேர் தாராளமாகச் சாப்பிடலாம். சண்டைக்கு அவசியம் இல்லை.

இது வெறும் ஊகம்தானே என்று கேட்கலாம். அமெரிக்காவில் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் மெசினா என்பவர் இதைச் சோதித்தார். தென்னிந்திய வண்டில் ஒரு பகுதியைப் பாசிப்பயறிலிருந்து தட்டைப்பயறுக்கு மாற்றி, 40 தலைமுறைக்கு மேல் அதிலேயே வளர்த்தார். 2003, 2004-ல் வெளியான முடிவு இது: முட்டையை மணிக்கு ஒன்றாகப் பரப்பி வைக்கிற கண்டிப்பு தளர்ந்துவிட்டது. புழு மற்றப் புழுவோடு மோதுகிற வேகமும் குறைந்தது. வண்டின் உடம்பும் சிறுத்தது. 40 தலைமுறை என்றால் பயறு வண்டுக்கு மூன்று, நாலு வருஷம்தான். நம்ம வண்டின் குணம், நம்ம பயறின் அளவு உண்டாக்கினது.

சரி, இந்தச் சண்டையால் நமக்கு என்ன? 'ஒன்றையொன்று கொன்று தீர்த்துக்கொள்கிறதே, நல்லதுதானே' என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் விதை வைத்திருப்பவருக்கு இது நல்லதே இல்லீங்க. ஆப்பிரிக்க வண்டு ஒரு மணியில் நாலு முட்டையைக் கும்பலாக வைத்தால், அந்த ஒரு மணி போகும். பக்கத்தில் மூன்று மணி தப்பும். நம்ம வண்டு நாலு முட்டையை நாலு மணியில் வைக்கும். நாலும் போகும். ஓட்டை விழுந்த பாசிப்பயறு பெரும்பாலும் முளைக்காது. முளைத்தாலும் நாற்றில் வலு இருக்காது.

ஒரு கணக்குப் போடுவோம். கையில் தாள் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி 35 மில்லிகிராம் என்று வைத்தால் ஒரு கிலோவில் ஏறக்குறைய 28,000 மணி. அதிலே ஒரே ஒரு பெண் வண்டு, 80 முட்டை. பாதிதான் பிழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதக் கடைசியில் 40 வண்டு. அதில் பெண் 20. அவை வைப்பது 1,600 முட்டை. அதிலும் பாதி, இரண்டாம் மாதக் கடைசியில் 800 வண்டு. இப்போது பானையைத் திறந்து பார்க்கிறீர்கள். 28,000 மணியில் ஓட்டை விழுந்தது 840. அதாவது நூற்றுக்கு மூன்று. 'பரவாயில்லை, அவ்வளவு மோசமில்லை' என்று மூடி வைத்துவிடுவோம். ஆனால் அந்த 800-ல் பெண் 400. அவை வைக்கிற முட்டை 32,000. மணிக்கு ஒன்றாக வைத்தாலே 28,000 மணிக்கும் போதும், மிச்சமும் இருக்கும். அதிலும் பாதிதான் பிழைத்தாலும், மூன்றாம் மாதக் கடைசியில் பாதிக்கு மேல் மணி போய்விடும். நூற்றுக்கு மூன்று, ஒரே மாதத்தில் பாதிக்கு மேல் ஆகிவிடுகிறது. சித்திரையிலிருந்து தை வரை ஒன்பது மாதம் வைக்க வேண்டிய விதைங்க இது.

அதனால் செய்ய வேண்டியது எல்லாம் ஆரம்பத்தில்தான். நெற்று முற்றினதும் செடியில் நாள்கணக்காக விட்டு வைக்காமல் அறுத்துவிடுங்கள். அடித்த பயறைச் சித்திரை வெயிலில் களத்தில் மெல்லிசாகப் பரப்பி, பல்லில் கடித்தால் 'டக்'கென்று உடைகிற வரை காயவைத்து, நிழலில் ஆறவிட்டு அப்புறம் கட்டுங்கள். சூட்டோடு கட்டினால் வியர்த்துக்கொள்ளும். விதைக்குக் கிலோவுக்கு 5-லிருந்து 10 மில்லி வேப்ப எண்ணெயோ கடலை எண்ணெயோ விட்டு, ஒவ்வொரு மணியும் பளபளக்கிற மாதிரி கையால் பிசறிவிடுங்கள். எண்ணெய்ப் படலத்தில் முட்டைக்கு மூச்சு முட்டிவிடும். புழு உள்ளே போன பிறகு தடவினால் அவ்வளவு பிரயோசனம் இல்லை. ஆகையால் கட்டி வைக்கிற அன்றைக்கே தடவுங்கள். சாப்பாட்டுக்கு வைப்பதை உடைத்துப் பருப்பாக வைத்துக்கொண்டால் வண்டு அவ்வளவாக விழாது. முட்டை வைக்க அதற்கு முழு மணியின் வழவழப்பு வேண்டும்.

காற்றுப் புகாத பையும் நல்ல வழி. 1980-களின் கடைசியில் ஆப்பிரிக்காவில் கேமரூன் நாட்டில் தட்டைப்பயறுக்காக அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் உருவாக்கினது, மூன்று அடுக்குப் பை. நன்றாகக் காய்ந்த பயறைப் போட்டு இறுக்கிக் கட்டினால், உள்ளே இருக்கிற புழுக்களே காற்றில் உள்ள பிராணவாயுவை இழுத்துத் தீர்த்துவிடும். பிறகு தீனி தின்ன முடியாமல் அவையே சாகும். இங்கே புழு அதிகம் இருந்தால் பிராணவாயு சீக்கிரம் தீரும். கூட்டம் நமக்கு உதவுகிற இடம் இது ஒன்றுதான். ஆனால் பையை இடையில் திறந்து திறந்து பார்க்கக் கூடாது. எலிக்கும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய உளுத்த பயறை மாட்டுக்கு ஆகும், கோழிக்கு ஆகும் என்று மூலையில் போட்டு வைக்காதீர்கள். பறக்கிற வண்டு அங்கிருந்துதான் புறப்படுகிறது. உடனே தீனியாகப் போட்டு முடித்துவிடுங்கள், இல்லையென்றால் ஆழமாகப் புதைத்துவிடுங்கள். தட்டைப்பயறு மூட்டையையும் பாசிப்பயறு விதையையும் ஒரே மூலையில் அடுக்க வேண்டாம். இரண்டுக்கும் வண்டு ஒன்றுதான்.

பானையில் வைப்பவர்கள் 15 நாளுக்கு ஒரு தடவை நடுவிலிருந்து ஒரு கை அள்ளித் தட்டில் போட்டு, 100 மணி எண்ணி வெளிச்சத்தில் பாருங்கள். ஓட்டையைத் தேட வேண்டாம். அது தெரிகிறபோது வண்டு போன மாதக் கணக்கை முடித்திருக்கும். வெள்ளைப் பொட்டைத் தேடுங்கள். பொட்டு தெரிந்தால் அன்றைக்கே பானையைக் கவிழ்த்து, சலித்து, உச்சி வெயிலில் இரண்டு மூன்று நாள் பரப்புங்கள். அதோடு புழு எல்லாம் செத்தது என்று நம்பி உட்கார்ந்துவிடாமல், 10 நாள் கழித்து இன்னொரு தடவை தட்டை எடுங்கள்.